ஐந்தாம் படிவத்து மண்டோருக்கு ஒரு பழைய மண்டோரின் புத்திமதி

ஊருக்கு முன்னால உன்னை ‘நீங்க’ன்னுதான் கூப்பிடுவேன், டீச்சரம்மா. அரசாங்க உத்தியோகத்துக்கு மரியாதை குடுக்கணும். ஆனா இது என் வீட்டு அஞ்சடி. உன் அப்பனும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில மரம் வெட்டினவங்க. அதனால இங்க ‘நீ’தான்.

இந்த வருசம் ஐந்தாம் படிவத்துக்கு உன்னைப் பொறுப்பாப் போட்டுட்டாங்களாம். கேள்விப்பட்டேன், சந்தோசம். வேற யாரும் ஏத்துக்கலைன்னுதானே உன் தலையில கட்டினாங்க? சிரிக்காதே. தோட்டத்துலயும் அப்படித்தான். செங்குத்தான மலை நிரையைப் புதுசா வந்தவனுக்குத்தான் குடுப்போம். அவனும் ‘என் திறமைக்குக் குடுத்தாங்க’ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு ஏறுவான். ஏறி முடிச்சவன் பொழைச்சுக்குவான்.

புத்தி சொல்ல இந்தக் கிழவனுக்கு என்ன தகுதின்னு உன் கூட வேலை செய்றவங்க கேப்பாங்க. சொல்லு: தாத்தா ஹார்வர்ட்ல படிச்சவர். பொய்யில்லை. பீடோங் பக்கத்துல இருக்கிற ஹார்வர்ட் தோட்டம். தமிழ்ப்பள்ளிக்கும் அதே பேர்தான். அமெரிக்காவுல இருக்கிற ஹார்வர்டுக்குள்ள நுழையறது எவ்வளவு கஷ்டமோ, எங்க ஹார்வர்டை விட்டு வெளியே வர்றது அவ்வளவு கஷ்டம். ஆறாம் வகுப்பு முடிச்சா ஒரு நுழைவுத் தேர்வு. தேறினவன் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போவான். தேறாதவன் மறுவாரம் மங்கு கழுவப் போவான். நான் மங்கு கழுவினவன். 1965ல அந்தத் தேர்வை எடுத்துட்டாங்க. அந்த வருசம் கல்வி மந்திரியா வந்தவர் கீர் ஜொஹாரி, நம்ம கெடாக்காரர். அதுக்கப்புறம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க எல்லாம் புகுமுக வகுப்புக்குள்ள நுழைஞ்சு இடைநிலைப்பள்ளிப் படியேறுச்சுங்க. எனக்கு அது கொஞ்சம் தாமதம். உன் அப்பனுக்குச் சரியா அமைஞ்சது. அதனாலதான் நீ டீச்சர், என் பிள்ளை லோரி.

தோட்டத்தை வித்து வீடமைப்புக்குப் போனப்புறம் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், ஜாகாவா, வாசல் காவலுக்கு. மண்டோருக்கும் ஜாகாவுக்கும் உடுப்புலதான் வித்தியாசம். ரெண்டு பேரும் வர்றவனை எண்ணணும், போறவனை எண்ணணும். நீங்க எல்லாரும் பிள்ளைங்களோட முகத்தைப் பாத்திருப்பீங்க. நான் அதுங்க வாசலைத் தாண்டிப் போறப்போ முதுகைப் பாத்தவன். முதுகு நிறைய விசயம் சொல்லும்மா.

சரி, புத்திமதிக்கு வரேன். முதல்ல உன்னைச் சுத்தி யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கோ. பள்ளிக்கூடமும் தோட்டமும் ஒரே அச்சுல வார்த்ததுதான்.

உங்க முதல்வர் பெங்கெத்துவா இருக்காரே, அவர்தான் பெரிய துரை. நல்ல மனுசன். ஆனா துரைக்கு ஒரே ஒரு எண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். தோட்டத்துத் துரைக்கு எத்தனை ராத்தல் பால். உங்க துரைக்கு ஜி.பி.எஸ்., பள்ளிக்கூடத்தோட சராசரித் தரம். அந்த எண்ணு குறையக் குறைய நல்லதாம். எங்க துரை கேட்டிருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பார். ஏ பிளசுக்கு 0, தேறாததுக்கு 9, எல்லாத்தையும் கூட்டி வகுக்கணும். நாட்டுக்கும் அதே கணக்கு உண்டு. 2023 எஸ்.பி.எம். பரீட்சைக்கு 4.60, 2024க்கு 4.49. முன்னேற்றம்தான், கை தட்டலாம். நானும் தட்டினேன். தட்டிட்டு, நம்ம கடைசி லயத்துப் பையன் அந்தப் புள்ளிக்கு வலப்பக்கமா இடப்பக்கமான்னு தேடினேன். அகப்படலை.

எங்க துரைக்கு மேல கம்பெனி. உங்க துரைக்கு மேல மாவட்டக் கல்வி இலாகா. மேல இருந்து ஒரு போன் வந்தா பெரிய துரைக்கு வயித்தைக் கலக்கும். அவருக்குக் கலக்கினா சின்னத்துரைகளுக்குக் கலக்கும். கடைசியா உனக்கு. அதனால மருந்து மாத்திரை கையில வச்சுக்கோ.

சின்னத்துரைங்க மூணு பேர். நிர்வாகத் துணை முதல்வர், மாணவர் நலத் துணை முதல்வர், புறப்பாடத் துணை முதல்வர். முதல் ஆள் அட்டவணை போடுவார். ரெண்டாவது ஆளும் கட்டொழுங்கு ஆசிரியரும் தலைமுடி அளப்பாங்க. காதுக்கு மேல ஒரு விரக்கடை முடி வளர்ந்தா அவங்க கண்ணுக்குத் தப்பாது. அதே பையன் மூணு வாரமா வரலைன்னா, முடி வளர்ந்திருக்கான்னு பாக்க ஆளில்லை, அதனால யாருக்கும் தெரியாது. மூணாவது ஆளை மட்டும் பகைச்சுக்காதே. பல்கலைக்கழகத்துக்குப் போற புள்ளியில 100க்கு 90 பரீட்சைக்கு, 10 புறப்பாடத்துக்கு. அந்தப் பத்து அவர் அலமாரியில இருக்கு. தோட்டத்துல இருந்து வர்ற பிள்ளைக்குச் சாயங்காலம் பயிற்சிக்கு நின்னா பஸ் போயிடும், நிக்காம போனா பத்துல பாதி போயிடும். பஸ்ஸா புள்ளியான்னு அது தினமும் என் வாசல்ல நின்னு யோசிக்கும். இதை அந்தச் சின்னத்துரைகிட்ட மெதுவா காதுல போடு. அவர் காரு வச்சிருக்கிறவர், பஸ் நேரம் தெரியாது. பாவம், அவர்மேல தப்பில்லை.

அடுத்தது கிராணி. அலுவலகத்துல கண்ணாடிக்குப் பின்னால உக்கார்ந்திருக்கிற அம்மா. எல்லாரும் பெங்கெத்துவாவுக்கு வணக்கம் வைப்பீங்க. நீ முதல்ல கிராணிக்கு வை. தோட்டத்துல செக்ரோல் எழுதினது துரையா? கிராணிதானே. எஸ்.பி.எம்.முக்குப் பேர் பதியறப்போ ஐ.சி.யில ஓர் எழுத்து, பிறப்புப் பத்திரத்துல வேற எழுத்துன்னு கண்டுபிடிக்கிறது அவங்கதான். நம்ம பிள்ளைங்க சிலதுக்குப் பிறப்புப் பத்திரமே சரியா இருக்காது. அப்பா பேர் இருக்கிற இடத்துல கோடு போட்டிருக்கும், குடியுரிமைக் கட்டத்துல வயித்துல புளியைக் கரைக்கிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கும். ஐந்தாம் படிவத்துல கண்டுபிடிச்சா கையைப் பிசையறதுக்குத்தான் நேரம் இருக்கும். நாலாம் படிவத்துலயே கண்டுபிடிச்சா பதிவு இலாகாவுக்கு அலைய ஒரு வருசம் இருக்கு. கிராணிக்கு ஒரு டப்பா முறுக்கு வாங்கிக் குடுத்து, ‘அக்கா, இப்பவே நாலாம் படிவத்து கோப்பு எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடலாமா?’ன்னு கேளு. இது லஞ்சம் இல்லை. முறுக்கு.

அப்புறம் டிரெஸ்ஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில இருந்தாரே, அவர். தலைவலிக்கும் கலவை மருந்து, வயித்துவலிக்கும் அதே கலவை மருந்து. உங்க பள்ளிக்கூடத்துல அவருக்கு ஆலோசக ஆசிரியர்னு பேர். திட்டக்கூடாதும்மா. ஐநூறு பிள்ளைக்கு ஒருத்தர்னுதான் முதல்ல கணக்கு வச்சாங்க. ஐநூறு பேர்ல ஓர் ஆளுக்கு வருசத்துல எத்தனை நிமிசம் வரும்னு நீயே வகுத்துப் பாரு, நான் ஆறாம் வகுப்பு. அதுலயும் கோப்பு எழுதுற நேரம், கூட்டத்துக்குப் போற நேரம், வராத டீச்சருக்குப் பதிலா வகுப்புல உக்கார்ற நேரம் எல்லாத்தையும் கழிச்சுக்கோ. மிஞ்சறதுல அவர் கலவை மருந்துதான் குடுக்க முடியும்: ‘குறிக்கோள் வை, முயற்சி செய், வெற்றி பெறுவாய்.’ குடிச்சா கெடுதல் இல்லை. குணமும் இல்லை.

கடைசியில மண்டோர். அதுதான் நீ. துரைகிட்டயும் பேச்சு வாங்கணும், வெட்டுக்காரன்கிட்டயும் பேச்சு வாங்கணும். சம்பளம் மட்டும் கூட வாங்க மாட்டே.

இப்போ நல்ல பேர் வாங்குற வழியைச் சொல்றேன், கேட்டுக்கோ. ரொம்பச் சுலபம்.

வருசம் ஆரம்பிச்ச உடனே ஒரு பதாகை அடி. ‘இலக்கு’ன்னு பெருசாப் போட்டு, அம்பு ஒண்ணு வட்டத்துக்கு நடுவுல குத்தியிருக்கணும். அப்புறம் ஊக்கமூட்டும் பேச்சாளர் ஒருத்தரைக் கூப்பிடு. விளக்கை அணைப்பார், சோகப் பாட்டுப் போடுவார். ‘உன் அம்மா உனக்காக விடியக்காலம் எழுந்து பால்மரம் வெட்டினாளே’ன்னு ஆரம்பிப்பார். மண்டபமே அழும். போன தடவை எங்க பக்கத்துப் பொண்ணு ஒண்ணு அழுது முடிச்சு வாசலுக்கு வந்து என்கிட்ட கேட்டுச்சு: ‘தாத்தா, எங்கம்மா பக்கார் அராங்ல பேக்டரி வேலைதானே செய்றாங்க, நான் எதுக்கு அழுதேன்?’ எனக்கும் தெரியலை. ஆனா படம் நல்லா வந்திருந்துச்சு. பெங்கெத்துவா முகநூல்ல போட்டிருந்தார்.

பரீட்சைக்கு முன்னால பிள்ளைங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பேனாவுக்குப் பூசை போடு. அதைக் கேலி பண்ண மாட்டேன், நானும் உளிக்குப் பூசை போட்டவன். ஆனா உளியைத் தீட்டிட்டுத்தான் பூசை போடுவேன். 1982ல டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினாரே, அதுல அப்படித்தான். வருசம் பூரா பாடம் சொல்லிக் குடுத்துட்டு, அப்புறம் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை. சில பள்ளிக்கூடத்துல யாத்திரையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. செலவு கம்மி பாரு.

அப்புறம் ஏ எண்ணிக்கை. ஒன்பது ஏ எடுக்கக்கூடிய பிள்ளைங்களை முதல்லயே பொறுக்கி எடுத்துத் தனியறை, தனிப் பயிற்சி, தனிப் பசியாறல் குடு. எங்க தோட்டத்துல நல்லா பால் குடுக்கிற மரத்துக்கு மழைக்கவசம் கட்டுவோம், அது மாதிரி. தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்கிறேன்னு வர்ற பிள்ளைகிட்ட, ‘அதுல ஏ வராது, சராசரி கெட்டுடும்’னு மெல்லச் சொல்லு. 2009ல எஸ்.பி.எம்.முக்குப் பத்துப் பாடம்தான்னு கட்டுப்படுத்தினப்போ நம்ம சனங்க ஊர் ஊராக் கத்தினதுல, பத்தோட கூட ரெண்டுன்னு வழி விட்டாங்க. அரசாங்கமே வழி விட்டுடுச்சு, பள்ளிக்கூடத்து வாசல்ல நீ மறிச்சா யாருக்குத் தெரியப் போகுது? பதினஞ்சு பிள்ளைங்களோட பெத்தவங்க கேட்டா தமிழ் சொல்லிக் குடுக்க ஏற்பாடு செய்யணும்னு கல்விச் சட்டத்துல இருக்கிறதையும் பெத்தவங்க கூட்டத்துல சொல்லாதே. தெரிஞ்சா கேட்டுத் தொலைப்பாங்க.

கடைசியா விடைபெறு விழா. அங்கி, தொப்பி, மேடை, படம். பல்கலைக்கழகத்துல பட்டம் வாங்குறவன் போடுற அங்கியைப் பதினேழு வயசுல போட்டுடறதுல ஒரு சௌகரியம் இருக்கு. பாதிப் பேருக்கு மறுபடி போடற வேலை மிச்சம். இதெல்லாம் முறையா செஞ்சா நீ சிறந்த ஆசிரியை. வருசக் கடைசியில கேடயம் கிடைக்கும், தூசி தட்ட ஒரு துணியும் வாங்கி வச்சுக்கோ.

என்ன, முகம் சுருங்குது? சரி, சரி. உன் அப்பனுக்கும் இப்படித்தான் உடனே முகம் சுருங்கும். கிண்டலை நிறுத்திட்டுச் சொல்றேன்.

உன் வகுப்புல மூணு வகை பிள்ளைங்க. முதல் வகைக்கு நீ தேவையே இல்லை. அதுங்களுக்கு அப்பா, அம்மா, டியூசன் வாத்தியார், சின்னத்துரை, பெரிய துரை எல்லாரும் இருக்காங்க. அதுங்களுக்கும் தொல்லை உண்டு, இல்லைன்னு சொல்லலை. 2024 ஜூன்ல பிரதமர் அன்வார், பத்து ஏ எடுத்த பிள்ளைங்க யாரா இருந்தாலும் இனம் பாக்காம மெட்ரிகுலேசன்ல இடம்னு சொன்னார். நம்ம சனங்க பால் காய்ச்சிக் குடிச்சாங்க. மறு வருசம் ஏ மைனஸ் அந்தக் கணக்குல ஏ இல்லைன்னு வந்துச்சு. ஒரு சின்னக் கோடும்மா, அதுக்குப் பின்னால நின்ன பிள்ளைங்க எத்தனை. ஆனா அதுங்களுக்காகப் பேச பத்திரிகை இருக்கு, கட்சி இருக்கு, நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கார்.

ரெண்டாவது வகை, குறும்புக்காரனுங்க. அவனுங்களுக்கும் ஆள் இருக்கு. கட்டொழுங்கு ஆசிரியருக்கு அவனுங்க பேர், அப்பா பேர், மோட்டார் நம்பர் வரைக்கும் தெரியும்.

மூணாவது வகைதான் உன்னுது. நடு வரிசையில உக்காரும். கேள்வி கேக்காது, கேட்டா பதிலும் சொல்லாது. ரெண்டு சி, மூணு டி, மிச்சம் ஈ. அடி வாங்காது, பரிசும் வாங்காது. விடைபெறு விழாப் படத்துல கடைசி வரிசையில பாதி முகம் தெரியும். சான்றிதழ்ல ஒழுக்கத்தைப் பத்தி எழுதறப்போ அதுக்குன்னு எழுத ஒண்ணும் தோணாம எல்லாருக்கும் எழுதின அதே வரியை எழுதுவீங்க. பேரை மாத்திப் போட்டாலும் பொருந்தும், என் ஆட்டுக்குப் போட்டாலும் பொருந்தும்.

அலோர்ஸ்டார்ல சுல்தான் அப்துல் ஹமிட் கல்லூரின்னு ஒண்ணு 1908ல ஆரம்பிச்சது. துங்கு அப்துல் ரஹ்மானும் மகாதீரும் படிச்ச இடம். ரெண்டு பிரதமர் பேரைச் சொல்லிக்க அவங்களுக்கு உரிமை உண்டு. ஆனா மகாதீருக்கு வலப்பக்கத்து மேசையில உக்கார்ந்திருந்தவன் என்ன ஆனான்னு யாராவது சொல்லட்டும் பாப்போம். கேட்டுப் பாரு. பெங்கெத்துவா கூட்டத்துல கேக்காதே, இடமாத்தம் வரும்.

பரீட்சை முடிவு வர்ற நாள்ல நான் பாப்பேன். மண்டபத்துல மாலை, இனிப்பு, பத்திரிகைக்காரன். அந்த நேரத்துல நடு வரிசைப் பையன் தாளை நாலா மடிச்சுக் கால்சட்டைப் பையில வச்சுக்கிட்டு என் வாசலைத் தாண்டுவான். ‘என்னடா தம்பி, எப்படி?’ன்னு கேட்டா, ‘ஓகேலா தாத்தா’ம்பான். அவ்வளவுதான். அந்த நிமிசத்துல இருந்து அவன் பேர் எந்தப் பதிவேட்டிலயும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு அவன் பழைய மாணவன், வேலைக்குப் போகலை, காலேஜுக்கும் போகலை. ஆறு மாசம் கழிச்சு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான்னு கேள்விப்படுவோம். போறதுல தப்பில்லை, தெரிஞ்சு போனா. வேற வழி இருக்குன்னே தெரியாம போனா அதுக்கு யார் பொறுப்பு?

வழி இல்லாம இல்லைம்மா. நம்ம கெடாவுல எத்தனை கதவு. கூலிம்ல துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக், ஜித்ராவுல சுல்தான் அப்துல் ஹலீம் பாலிடெக்னிக். கூலிம்லயே மனிதவள அமைச்சோட அட்தெக், தொழில் படிக்கிற இடம். சமூகக் கல்லூரி இருக்கு. கூலிம் ஹைடெக் பார்க் 1996ல திறந்தது, இன்பினியன், இன்டெல்னு உலகக் கம்பெனி எல்லாம் அங்கே நிக்குது. நம்ம பையன் அந்த வேலிக்கு வெளியே மோட்டார்ல சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிறான். உள்ளே இயந்திரம் பாக்கிற வேலைக்கு என்ன படிக்கணும்னு அவன்கிட்ட யாரும் சொல்லலை. சாப்பாட்டை யார்கிட்ட குடுக்கணும்னு மட்டும் சொன்னாங்க.

ஆனா ஒவ்வொரு கதவுக்கும் வேற வேற சாவி. பல்கலைக்கழகத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் யு.பி.யு. விண்ணப்பம். மெட்ரிகுலேசனுக்குத் தனி விண்ணப்பம். அட்தெக்குக்கு வேற. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கடைசி நாள். இடம் கிடைச்சாலும் குறிச்ச நாளுக்குள்ள ‘ஏத்துக்கிறேன்’னு அழுத்தலைன்னா போச்சு. முன்ன மாதிரி தபால்காரர் கடுதாசி கொண்டு வந்து லயத்து வாசல்ல பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நாமதான் போய்ப் பாக்கணும். அம்மாவுக்கு இணையம் தெரியாது. பையனுக்கு இணையம் நல்லாத் தெரியும், இந்தப் பக்கம் மட்டும் தெரியாது.

ஆறாம் படிவம்னு ஒண்ணு இருக்கிறதையே பாதிப் பேர் மறந்துட்டாங்க. ஒன்றரை வருசம், மூணு தவணை, எஸ்.டி.பி.எம். கஷ்டம்னு பயமுறுத்தி வச்சிருக்காங்க. கஷ்டம்தான். ஆனா செலவு கம்மி, கடன் இல்லை, நல்லா எடுத்தா அரசாங்கப் பல்கலைக்கழகம் போகலாம். சிந்தோக்ல இருக்கிற வட மலேசியப் பல்கலைக்கழகம் இங்கிருந்து பஸ் தூரம்தான்.

நீ சொல்லலைன்னா சொல்றதுக்கு ஏஜெண்டு வருவான். கழுத்துல டை, கையில குடை, தண்ணிப் போத்தல். ‘காசே வேணாம் அக்கா, பி.டி.பி.டி.என். இருக்கு’ம்பான். 1997ல இருந்து குடுக்கிற கடன் அது. கடன்னா திருப்பிக் கட்டணும்ங்கிறதை மட்டும் அவன் விழுங்கிடுவான். அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கான்னு ஒரு நிமிசத்துல பாத்துடலாம். பாக்கணும்னு சொல்ல ஆள் வேணும். தனியார்ல நல்லதும் உண்டு. நம்ம செமிலிங்ல மலை மாதிரி நிக்குதே ஏய்ம்ஸ்ட், அதுல படிச்சு டாக்டரானவங்க இருக்காங்க. நான் சொல்றது நல்லது கெட்டது பிரிச்சுக் காட்ட ஒரு கண்ணு வேணும்னு.

இன்னொண்ணு. பாசா மெலாயு தேறலைன்னா எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013ல இருந்து வரலாறும் தேறணும். அதுல ஒண்ணு விழுந்த பிள்ளை, எல்லாம் முடிஞ்சதுன்னு தாளைக் கிழிச்சுடும். அந்த ரெண்டு பாடத்தையும் வருச நடுவுல மறுபடி எழுதலாம். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் சுருட்டு பத்த வைக்கிற நேரம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லாம வாழ்க்கையையே மடிச்சு வச்சவனுங்க என் வாசல் வழியாப் போனதை நான் பாத்திருக்கேன்.

2025ல நாடாளுமன்றத்துல இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கித் திருத்தம் நிறைவேத்தினாங்க. நல்ல காரியம். ஐந்தாம் படிவம் முடியற வரைக்கும் பிள்ளையைப் பிடிச்சு வைக்கச் சட்டம் வந்துடுச்சு. முடிஞ்ச மறுநாளைக்குச் சட்டம் கிடையாது. அந்த மறுநாளுக்குத்தான் மண்டோர் வேணும்.

அதனால, டீச்சரம்மா, ஒரு கடைக்குப் போய்ச் சட்டைப்பையில அடங்குற நோட்டு ஒண்ணு வாங்கு. ஐபேடு வேணாம், அதுக்கு சார்ஜ் போடணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பேர் எழுது. போன் நம்பர் எழுது. பிள்ளையோட நம்பரை நம்பாதே, மாசத்துக்கு ஒண்ணு மாத்தும். அத்தை நம்பர், சித்தப்பா நம்பர், இல்லைன்னா பக்கத்துல மளிகைக்கடை வச்சிருக்கிறவர் நம்பர் எழுது. மளிகைக்கடைக்காரர் நம்பரை மாத்தவே மாட்டார், கடன் வசூல் பண்ணணுமே. வீட்டுல யார் பேசினா பிள்ளை கேக்கும்னு எழுது. பல வீட்டுல அது பாட்டி.

முடிவு வர்ற நாள்ல மண்டபத்துல நிக்காதே. மாலை போடத்தான் அங்கே நிறைய கை இருக்கு. ஒரு மேசையும் ரெண்டு நாற்காலியும் எடுத்துட்டு வந்து வாசல்ல போடு, ஜாகா கொட்டகைக்குப் பக்கத்துல. நடு வரிசை அந்த வழியாத்தான் போகும். கூப்பிட்டு உக்கார வை. ‘எத்தனை ஏ?’ன்னு கேக்காதே. ‘அடுத்து என்ன?’ன்னு கேளு. ஆலோசக ஆசிரியரையும் கூட உக்கார வை. அவருக்கும் பாவம், கலவை மருந்து குடுத்துக் குடுத்துக் கை மரத்திருக்கும், உண்மையான வைத்தியம் பண்ண ஆசை இருக்காதா? கிராணியையும் கூப்பிடு, முறுக்கு வேலை செஞ்சிருக்கும். பெங்கெத்துவா வந்து ‘இங்கே என்ன கூட்டம்?’னு கேப்பார். ‘மேலிடத்துல இருந்து பாக்க வந்தா காட்டறதுக்கு ஒரு புதுத் திட்டம் சார்’னு சொல்லு. உடனே படம் எடுக்கச் சொல்லுவார். எடுக்கட்டும். படம் எடுத்துட்டா அப்புறம் நிறுத்த முடியாதுல்ல?

இடம் அறிவிக்கிற நாள்ல ஒவ்வொரு நம்பரையும் கூப்பிடு. முழு வகுப்பையும் நீ ஒருத்தியே கூப்பிடத் தேவையில்லை. ஒன்பது ஏ எடுத்த பிள்ளைங்க வீட்டுல சும்மாதான் உக்கார்ந்திருக்கும், அதுங்ககிட்ட ஆளுக்கு அஞ்சு பேர் பிரிச்சுக் குடு. பேர் சொல்லி, விசாரிச்சு, கணினியில உக்கார வச்சு அழுத்தச் சொல்லட்டும். சான்றிதழுக்குச் சமூக சேவைன்னு எழுதிக் குடு. இந்தத் தடவை அது உண்மையாவும் இருக்கும்.

அப்புறம் ஜூன் மாசம் உன் நோட்டை எடுத்துட்டு இங்கே வா. நான் பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி ஒவ்வொண்ணாக் கூப்பிடுவேன். நீ ‘பாலிடெக்னிக், ஆறாம் படிவம், மெக்கானிக் கடை, அட்தெக்’னு பதில் சொல்லணும். சிங்கப்பூர்னாலும் சரி, எந்தக் கம்பெனின்னு சொன்னாப் போதும். ‘தெரியலை தாத்தா’ன்னு வர்ற ஒவ்வொரு பேருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டு. நான் வெட்ட முடியாது, நீ அரசாங்க ஆளு. நீயே கணக்குப் போட்டு, அந்தக் காசுல அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போயிட்டு வா.